கல்லடைப்புக்குப் பால் குடிக்கலாமா: கிளினிக் பக்கமும் அமெரிக்க அரசுப் பக்கமும்

ஸ்கேனில் 5 மி.மீ. கல் என்று வந்த அன்று இரவே இரண்டு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று, ஸ்கேன் எடுத்த கிளினிக்கின் வலைத்தளம். இன்னொன்று, அமெரிக்க அரசின் சிறுநீரக நோய் ஆய்வு நிறுவனமான என்ஐடிடிகே வெளியிட்டிருக்கும் பக்கம். சாப்பாட்டு விஷயத்தில் நான் நம்பியது இரண்டாவதைத்தான்.

கிளினிக் பக்கத்துக்கும் பயன் உண்டு. டாக்டர் எந்தக் கிழமை வருவார், லேசர் வசதி இருக்கிறதா என்பதெல்லாம் அமெரிக்காக்காரனுக்குத் தெரியாது. தமிழிலும் இருந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வதில் இரண்டும் ஒன்றுதான்.

இடித்தது பாலில். "பால், தயிர், தக்காளி தவிர்க்கவும்" என்றது கிளினிக் பக்கம். கால்சியக் கல் என்றால் கால்சியத்தைக் குறைப்பதுதானே நியாயம் என்று எனக்கும் பட்டது. உண்மையில் நடப்பது வேறு. பாலக் கீரை மாதிரி உணவில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுவது கால்சியம்தான். அது குறைந்தால் ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்குப் போய், அங்கே கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிறது. 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குக் கல் குறைவாகவே வந்தது என்று 1993-லேயே சொல்லிவிட்டது. 2002-ல் வந்த இத்தாலிய ஆய்வில், கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, அதை வழக்கம்போல் சாப்பிட்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கு 5 ஆண்டுகளில் கல் திரும்ப வந்தது ஏறக்குறைய பாதிதான். என்ஐடிடிகே பக்கத்தில் இந்த விளக்கம் இருக்கிறது. கிளினிக் பக்கம் இன்னும் 1993-க்கு முன்னால் நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்பது பக்கத்தின் அடியில் தெரிந்தது. அமெரிக்கப் பக்கத்தில் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருந்தது: மே 2017. பழசுதான், ஆனால் பழசு என்று நமக்குத் தெரிகிறது. கிளினிக் பக்கத்திலோ காப்புரிமைக் குறியும் நடப்பு ஆண்டும்தான். புதுசு என்று ஏமாந்துவிட்டேன். அந்த எண் ஜனவரி 1 ஆனால் தானாக மாறிக்கொள்ளும் வகை, யாரும் எதையும் திரும்பப் படித்துப் பார்த்ததற்கு அடையாளம் இல்லை. எழுதிய டாக்டர் பெயரும் இல்லை. "இன்றே அழையுங்கள்" பொத்தான் மட்டும் மூன்று இடத்தில்.

மறுவாரம் அதே கிளினிக்கில் டாக்டரிடமே கேட்டேன். "மோர் தாராளமா குடிங்க, ஊறுகாயையும் அப்பளத்தையும் விடுங்க" என்றார். உங்கள் வலைத்தளம் வேறு சொல்கிறதே என்றேன். "அதுவா, யாரோ பசங்க பண்ணிக் கொடுத்தாங்க சார்" என்று சிரித்தார்.

என் கல் தானாகவே வெளியேறிவிட்டது. அதனால் ஆபரேஷன் வரை போகிறவர்களுக்கு எந்தப் பக்கம் உதவும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. மோர் தினமும் குடிக்கிறேன், உப்புப் போடாமல்.