வரவேற்பா, முகூர்த்தமா, துக்க வீடா: எதற்கு நேரில் போக வேண்டும்?

ஆவணி பிறந்துவிட்டால் சென்னையில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் சேரத் தொடங்கிவிடும். ஆடியில் நிறுத்தி வைத்த கல்யாணங்கள் வளர்பிறை முகூர்த்தங்களில் வந்து குவிவதால், ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மூன்று அழைப்புகள் வருவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் போக முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதை விடுவது என்பதில்தான் குழப்பம். பெரும்பாலோர் உறவின் நெருக்கத்தையும், திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யையும் வைத்து முடிவெடுக்கிறார்கள். நாம் போகாவிட்டால் அந்த வீட்டில் என்ன குறையும் என்று பார்ப்பதே சரியான கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது மாலை வரவேற்பு. விடுப்பு எடுக்க வேண்டாம், உள்ளூரிலேயே முடிந்துவிடும், பலரை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்பதால் எல்லோரும் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள்; கூட்டம் சேர்வதும் அதனால்தான். வண்டி நிறுத்த இடம் தேடி, மேடைக்கு நீளும் வரிசையில் நின்று, நம் பெயரே தெரியாத மாப்பிள்ளையின் கையில் உறையைக் கொடுத்து, புகைப்படக்காரர் சொன்ன பக்கம் பார்த்துவிட்டு இறங்கினால், பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அலுவலக நண்பர்கள் என்றால் இதுவே போதும். நெருங்கிய உறவுக்கு இது போதாது. தூரத்து உறவுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

வெளியூர் முகூர்த்தம் இதைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. பத்திரிகையோ பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்புதான் கைக்கு வருகிறது. எனவே பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் தட்கலுக்காகக் கைப்பேசியோடு மல்லுக்கட்ட வேண்டும்; அது கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கம் போய்ப் பேருந்து பிடிக்க வேண்டும். இப்படிப் போய், தாலி கட்டும் நேரத்துக்கு அட்சதை போட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்கு இரண்டு இரவுத் தூக்கத்தைக் கொடுப்பது வீண் என்பேன். ஆனால் கல்யாணத்துக்கு முந்தைய நாள் மதியமே போய்ச் சேர முடியுமானால் கதை வேறு. தாம்பூலப் பையில் தேங்காய் போடவும், சீர்வரிசைத் தட்டுகளை எண்ணி அடுக்கவும், பெண்ணின் அம்மாவை ஐந்து நிமிடம் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லவும் அப்போது ஆள் வேண்டியிருக்கிறது.

துக்க வீட்டுக்குப் பத்திரிகை வராது. துக்கம் நம் வசதி பார்த்தும் வராது. அங்கேதான் நம் நேரத்துக்கு மதிப்பு அதிகம். ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்வது, மருத்துவரிடம் சான்று வாங்குவது, வெளியூரிலிருந்து வரும் மகன் எப்போது வந்து சேர்வான் என்று கேட்டு மயானத்தில் நேரம் சொல்வது ஆகியவை எல்லாம் அழுதுகொண்டிருப்பவர்கள் செய்யக்கூடிய வேலைகள் அல்ல. அடுப்பு மூட்டக் கூடாது என்ற வழக்கம் உள்ள வீடுகளில் அன்றைய சாப்பாடும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். எனினும், ஆள் நிறைந்த வீட்டில் மாலை போட்டுவிட்டுக் கிளம்பும் இன்னொருவராக இருப்பதற்கு அடித்துப்பிடித்து ஓட வேண்டியதில்லை. முதல் நாளைத் தவறவிட்டவர்கள் 16ஆம் நாள் காரியத்துக்குத் தலையைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உதவி தேவைப்படுவதோ பெரும்பாலும் இடைப்பட்ட நாட்களிலும் அதற்குப் பின்னரும்தான். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம், இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் என்று அலைச்சல் நீளும். கணவர் இருந்தவரை வங்கிப் படி ஏறியிராத ஒரு அம்மாவோடு ஒரு காலைப் பொழுது டோக்கனுக்குக் காத்திருப்பதை, நான்கு வரவேற்புகளுக்குப் போவதைவிட மேலாகவே வைப்பேன்.

காதுகுத்து, கிரகப்பிரவேசம் இரண்டையும் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. தாய்மாமன் முறை உள்ளவர் காதுகுத்துக்குப் போயே ஆக வேண்டும். புது வீட்டை அடுத்த மாதம் ஓய்வாகப் போய்ப் பார்த்தால் வீட்டுக்காரரும் நின்று பேசுவார்.

மீதி இருப்பது மொய். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் மொய் விருந்தே நடத்தி, நோட்டு போட்டு எழுதி, வாங்கியதைக் கூட்டித் திருப்பிச் செய்யும் அளவுக்கு அது கறாரான கடன் என்பதால், மொய்யைத் தவறவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம். மொய் மேசையிலேயே கியூஆர் அட்டை வைக்கும் காலம் இது. வர முடியாது என்பதை மட்டும் ஒரு வாரத்துக்கு முன்பே, குறுஞ்செய்தியில் அல்லாமல், அழைத்துச் சொல்லிவிட வேண்டும். சமையல்காரரிடம் இலைக் கணக்கு சொல்வதற்கு முன்பு அந்தச் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பயன்.