மினி டிவி (Mini DV) கேசட்டைக் கடையில் கொடுக்கும் முன் "எந்த வயரில் எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள்

பழைய கேம்கார்டர் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவதாகப் பலகை வைத்திருக்கும் கடைகளுக்குப் போகும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது மினி டிவி என்ற சிறிய டிஜிட்டல் கேசட் என்றால், அதை ஃபயர்வயர் (FireWire) என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாகத்தான் கணினிக்கு எடுக்க வேண்டும். சோனி கேமராக்களில் ஃபயர்வயர் துளைக்கு அருகே ஐ-லிங்க் (i.LINK) என்று எழுதியிருக்கும், வேறு பல கேமராக்களில் டிவி (DV) என்று மட்டும் இருக்கும். "எதில் எடுத்தால் என்ன சார், படம் வந்தால் போதாதா?" என்று கடைக்காரர் கேட்டால், கேசட்டுகளை எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா 2003இல் சிங்கப்பூரிலிருந்து ஒரு மினி டிவி கேமரா கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் வீட்டில் நடந்த எல்லாமே அதில் பதிவாயின. திருக்கடையூரில் நடந்த அப்பாவின் அறுபதாம் கல்யாணம் இருக்கிறது. ஆச்சி கூடத்தில் உட்கார்ந்து கைமுறுக்கு சுற்றிக்கொண்டே, தன் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய கதையைச் சொல்வது இருக்கிறது. அப்பாவும் இன்று இல்லை, ஆச்சியும் இல்லை. அவர்கள் குரல் இருப்பது அந்த கேசட்டுகளில் மட்டும்தான். அதனால்தான் ஊரில் திருமண வீடியோ வேலைக்குப் பேர் பெற்ற கடையைத் தேடிப் போனோம்.

"ஹெச்டி தரத்தில் தருகிறோம்" என்றார் உரிமையாளர். கேசட்டுக்கு இவ்வளவு என்று பேசி, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார். சொன்ன நாளில் பென் டிரைவும் வந்தது. உள்ளே எம்பி4 கோப்புகள், எல்லாம் 1920க்கு 1080.

தொலைக்காட்சியில் போட்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "உங்கப்பா இவ்வளவு குண்டாகவா இருந்தார்?" என்பதுதான். 4:3 அளவில் எடுத்த படத்தை 16:9 திரை நிரம்பும்படி பக்கவாட்டில் இழுத்திருந்தார்கள். எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிட்டார்கள். அசையும் எதைப் பார்த்தாலும் அதன் ஓரங்களில் கிடைமட்டக் கோடுகள் அலைந்தன. முறுக்கு சுற்றும் ஆச்சியின் விரல்களைப் பார்க்கவே முடியவில்லை. பட்டுப் புடவையின் சிவப்பு எல்லை தாண்டி வழிந்தது. சத்தம் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தது. கேசட் முடியும் நேரத்தில் உதட்டசைவும் பேச்சும் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தன.

திருமாங்கல்ய தாரணத்தின்போது படத்தின் மேல் மூலையில் பேட்டரிச் சின்னமும் ஓடும் நேரக் குறியீடும் பளிச்சென்று தெரிந்தன. அழிக்க முடியாதபடி படத்தோடு படமாகப் பதிந்துவிட்டன. என்ன நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. கேமரா தன் திரையில் காட்டும் இந்தக் குறிகள், அமைப்பு அப்படி இருந்தால், கேமராவைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் மஞ்சள் வயர் வழியாகவும் வெளியே போகும். ஃபயர்வயர் வழியாக அவை வருவதே இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டோம். "கேசட் பழையது சார், இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது" என்றார். எந்த வயரில் எடுத்தீர்கள் என்றதற்கு, "யூஎஸ்பியில்தான், எல்லாம் டிஜிட்டல்தான்" என்று பதில் வந்தது. மேசையில் கிடந்ததோ மலிவான கேப்சர் குச்சி. ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்கள்.

இது ஏன் ஏமாற்று என்று விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலரும் அந்தப் பதிலை நம்பிவிடுகிறார்கள். மினி டிவி கேசட்டில் படம் ஏற்கெனவே எண்களாகத்தான் பதிவாகியிருக்கிறது. நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் விற்ற பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக் கேமராக்களில் 720க்கு 576 புள்ளிகள், படத்துக்கு மட்டும் வினாடிக்கு 25 மெகாபிட். ஃபயர்வயர் அந்த எண்களை அப்படியே கணினிக்குக் கொண்டுவருகிறது, தரம் துளியும் குறைவதில்லை. ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஓடும், சுமார் 13 ஜிபி கோப்பு கிடைக்கும். மஞ்சள் வயரில் எடுத்தால், கேமரா அந்த எண்களைப் பழைய தொலைக்காட்சி சிக்னலாக மாற்றி அனுப்பும். ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும். குச்சி அதைப் பிரித்து மறுபடி எண்களாக்கும். கடையின் மென்பொருள் அதற்கு மேல் ஒருமுறை அழுத்திச் சுருக்கும். நல்ல புகைப்படத்தைச் சுவரில் ஒட்டி, அதை இன்னொரு கேமராவால் படமெடுத்துத் தருவது போன்ற வேலை இது. எங்கள் பென் டிரைவில் ஒரு மணி நேரம் ஒன்றரை ஜிபிகூட இல்லை. பெரிய கோப்பு பென் டிரைவில் ஏறாது என்று ஒரு சாக்கும் சொன்னார். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பது உண்மைதான். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் தீர்ந்துபோகும் சங்கதி அது.

'ஹெச்டி' என்ற பேச்சு இன்னும் மோசம். 576 வரிகளில் எடுத்த படத்தை 1080 வரிகளுக்கு நீட்டினால் புதிய விவரம் எதுவும் பிறக்காது. எங்கள் விஷயத்தில் அந்த நீட்டல் நிரந்தரக் கேடும் செய்தது. இந்தக் கேமராக்கள் வினாடிக்கு 50 அரைப் படங்களை எடுக்கின்றன. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். முதலில் அவற்றை முறையாகப் பிரித்து முழுப் படங்களாக்க வேண்டும், பெரிதாக்குவதெல்லாம் அதன் பிறகு. பிரிக்காமலே நீட்டியதால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அந்தக் கோப்புகளை இனி எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

பணம் திரும்பி வரவில்லை. கேசட்டுகளை மட்டும் எண்ணிப் பார்த்து வாங்கி வந்தோம். "இனி அது எதற்கு, தூக்கிப் போட்டுவிடலாமே" என்று அவர் சொன்னதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

பிறகு, ஃபயர்வயர் துளை உள்ள பழைய மடிக்கணினியை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உதவினார். முதலில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. கேமராவுக்குள் தலை சுத்தம் செய்யும் கேசட்டைச் சில வினாடிகள் ஓடவிட்டதும் தெளிந்தது. கடைக்காரர் குறை சொன்ன அதே கேசட்தான். விண்டிவி (WinDV) என்ற சிறிய இலவச மென்பொருளில் எடுத்தார். அப்பாவின் வேட்டிக்கரையும், ஆச்சியின் மூக்குத்திக் கல்லும், விரல் இடுக்கில் இழையும் மாவும் தெரிந்தன. சத்தம் இரண்டு பக்கமும் வந்தது, கடைசி நிமிடம் வரை உதட்டோடு பொருந்தியது.

இன்னொன்றும் கிடைத்தது, அதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. ஒவ்வொரு காட்சியும் எடுத்த தேதியும் நேரமும் கேசட்டிலேயே படத்தோடு சேர்ந்து பதிவாகியிருக்கின்றன. ஃபயர்வயரில் எடுத்தால் அவையும் கோப்புக்குள் வந்துவிடும். மஞ்சள் வயரில் எடுத்த கோப்பில் அந்தத் தரவு இருக்காது. முறுக்கு சுற்றியது எந்தத் தீபாவளிக்கு என்று அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடந்த வாதம் அன்றோடு முடிந்தது. அம்மா சொன்ன ஆண்டுதான் சரி.

கடையில் கொடுக்கத்தான் வேண்டும் என்பவர்கள், முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுங்கள். மறுபடி சுருக்காத டிவி ஏவிஐ (DV AVI) கோப்பாகவே வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மணிக்குச் சுமார் 13 ஜிபி இருக்கிறதா என்று பாருங்கள். வட்டமான தட்டு வட்டமாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். கொடுக்கும் முன் கேசட்டின் முதுகில் உள்ள சிறு தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள், யாரும் தவறுதலாக மேலே பதிந்துவிட முடியாது.

நீங்களே எடுப்பதானால், இணையத்தில் மலிவாக விற்கும் ஃபயர்வயர்-யூஎஸ்பி வயரை வாங்காதீர்கள். இரு முனைகளைச் சும்மா இணைத்திருக்கும் அந்த வயரால் கேசட்டை எடுக்க முடியாது. மேசைக் கணினிக்கு ஃபயர்வயர் கார்டு கிடைக்கிறது. மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயர் ஆதரவை நீக்கிவிட்டார்கள். பல மினி டிவி கேமராக்களில் யூஎஸ்பி துளையும் உண்டு. பெரும்பாலும் அது புகைப்படங்களுக்கும் சிறிய அளவு வீடியோவுக்கும் வைத்தது, அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஹை8, விஹெச்எஸ்-சி கேசட்டுகளின் கதை வேறு. அவை அனலாக், கேப்சர் கருவி இல்லாமல் முடியாது. அங்கேயும் கேமராவில், ஒளியையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் வயரைவிட அதுவே மேல். ஹை8 கேசட்டைப் படிக்கக்கூடிய சோனி டிஜிட்டல்8 கேமரா கிடைத்தால் ஃபயர்வயரிலேயே எடுத்துவிடலாம். மெமரி கார்டிலோ ஹார்டு டிஸ்கிலோ பதியும் பிந்தைய கேமராக்களுக்குக் கடையே தேவையில்லை. கோப்புறையை முழுதாக நகலெடுத்தால் போதும்.

ஏற்கெனவே கடையில் மாற்றி வாங்கியவர்கள், இன்றே அந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். அகன்ற முகமோ, அலையும் கோடுகளோ, மூலையில் பேட்டரிச் சின்னமோ தெரிந்தால், கேசட் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து வையுங்கள். ஓடும் நிலையில் உள்ள கேமராக்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன, ஈரக்காற்று உள்ள ஊர்களில் கேசட்டில் பூஞ்சையும் பிடிக்கிறது. மறுபடி எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.