நடுகல் படத்தின் மேல் நீர்வண்ணம்: ரஃப் பேப்பருக்கு எந்த டிரான்ஸ்ஃபர்?

போட்டோவைத் தாளில் இறக்கி அதன்மேல் வண்ணம் தீட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும், எந்த முறையில் படம் தெளிவாக விழும் என்றுதான் கேட்கிறார்கள். சொரசொரப்பான தாளில் வேலை செய்பவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. படம் இறங்கிய பிறகு அந்தத் தாள் தண்ணீரைக் குடிக்குமா, குடிக்காதா? இதற்குப் பதில் தெரிந்தால் முறையைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களும், பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறை ஓவியங்களும்தான் நான் அதிகம் எடுத்துக்கொள்ளும் படங்கள். தாள் 300 ஜி.எஸ்.எம். காட்டன், ரஃப் வகை. கல்லின் பொரிவு தாளிலேயே இருப்பதால் இதை விட்டு வழவழப்பான ஹாட் பிரஸ் தாளுக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. அந்தத் தாளை வைத்துத்தான் ஜெல், தின்னர், இங்க்ஜெட் என்ற மூன்று முறைகளையும் ஒப்பிடுகிறேன்.

ஜெல் மீடியம் முறைதான் இன்று அதிகம் பேர் செய்வது. தாளில் அக்ரிலிக் ஜெல்லைப் பூசி, லேசர் பிரிண்டைக் குப்புறப் போட்டு, காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்திவிட்டு ஓர் இரவு காய விடுகிறோம். மறுநாள் தண்ணீர் தெளித்து, ஊறிய காகிதத்தை விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்து உரித்தால் டோனர், அதாவது லேசர் பிரிண்டின் மைத்தூள், ஜெல்லில் தங்கிவிடும். ஈரமாக இருக்கும்போது படம் அருமையாகத் தெரியும். காய்ந்ததும் வெண்புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும். மிச்சமிருக்கும் காகித நார்தான் அது. மறுபடி நனைத்துத் தேய்க்க வேண்டும். ரஃப் தாளில் சிக்கலே இங்கேதான் வருகிறது. மேட்டில் இருக்கும் டோனர் தேய்ந்து போய்விடும், பள்ளத்தில் நார் அப்படியே நிற்கும். ஜெல்லைக் கெட்டியாகப் பூசிப் பள்ளங்களை நிரப்பினால் படம் முழுசாக விழும். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய அந்தச் சொரசொரப்பு பிளாஸ்டிக் படலத்துக்கு அடியில் போய்விடுகிறது. அப்புறம் அதன்மேல் வாட்டர்கலர் வைத்தால் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், ஊறாது. அக்ரிலிக், ஆயில் பேஸ்டல் என்றால் பிரச்சினை இல்லை.

தின்னர் முறை இதைவிடப் பழையது. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க் 1958 முதல் 1960 வரை 34 ஓவியங்கள் கொண்ட ஒரு வரிசையையே பத்திரிகைப் படங்களைக் கரைப்பானால் நனைத்துத் தேய்த்து இறக்கித்தான் செய்தார். கூடவே பென்சில், வாட்டர்கலர், குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் நீர்வண்ணம்) எல்லாம் சேர்த்தார். நமக்கு வேண்டியது புதிதாக எடுத்த லேசர் பிரிண்ட், பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் அல்லது சுத்தமான அசிட்டோன். டோனர் என்பது சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, அசிட்டோன் இளக்கிவிடும். பிரிண்டைக் குப்புற வைத்து டேப் போட்டு, முதுகுப் பக்கம் பிரஷ்ஷால் கொஞ்சம் நனைத்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அசிட்டோன் கரண்டி போய்ச் சேருவதற்குள் ஆவியாகிவிடுகிறது. தின்னர் சற்று நிதானமாகக் காய்வதால் கோடைக்கு அதுதான் தோது.

இந்த முறையில் படம் மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். முகம் தெளிவாக வேண்டும் என்பவருக்கு இது குறை. மழையும் வெயிலும் தின்ற நடுகல்லுக்கு இதைவிடப் பொருத்தமான குறை கிடையாது என்பேன். தாளின் வாயும் திறந்தே இருக்கிறது. டோனர் விழுந்த இடத்தின் மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைத் தண்ணியாக ஓட விட்டால், வண்ணம் பள்ளங்களில் இறங்கித் தேங்கும். மேட்டில் கறுப்புப் புள்ளிகள் கலையாமல் நிற்கும். கல்லின் மேல் செம்மண் படிந்த தோற்றம் தானாக வருகிறது. ஜெல்லில் எனக்கு இது ஒருபோதும் வந்ததில்லை.

வரிசையும் முக்கியம். வாட்டர்கலர் முதலில் தீட்டிக் காய்ந்த பிறகு தின்னரில் படம் இறக்கலாம், அந்த வண்ணம் தின்னரில் கரையாது. அக்ரிலிக் பூசிய இடத்தில் தின்னர் பட்டால் பெயிண்டே இளகிக் கரண்டியோடு வரும். அக்ரிலிக் அடித்தளம்தான் வேண்டும் என்பவர் ஜெல்லுக்கே போகட்டும்.

மூன்றாவது, ஓ.எச்.பி. ஷீட்டின் வழவழப்பான பக்கத்தில் இங்க்ஜெட் பிரிண்ட் எடுத்து, மை ஈரமாக இருக்கும்போதே தாளில் ஒற்றுவது. வேகமான வேலை, ஓரங்கள் மென்மையாகக் கசிந்து அழகாக இருக்கும். ஆனால் வீட்டு இங்க்ஜெட்டுகளில் பெரும்பாலும் கலர் மை டை வகை, தண்ணீரில் கரையும் சாயம். வாட்டர்கலர் பிரஷ் பட்டதும் ஓடும், வெளிச்சத்தில் சில வருஷங்களில் வெளுக்கும். சுவரில் மாட்டப் போகும் படத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

எந்த முறையானாலும் வெள்ளை என்று ஒரு மை சாதாரண பிரிண்டரில் இல்லை. மல்லப்பாடி உருவங்கள் பாறையில் வெள்ளை நிறத்தால் வரைந்தவை. டிரான்ஸ்ஃபரில் பாறைதான் இறங்கும், உருவம் வெறும் தாளாக நிற்கும். அடியில் காவி அடித்திருந்தால் உருவமும் காவியாகிவிடும். அந்த இடத்தை முதலிலேயே காலியாக விட வேண்டும், அல்லது கடைசியில் வெள்ளை குவாஷ் வைக்க வேண்டும். நான் காலியாக விடுவேன். தாளின் வெண்மைக்கு இருக்கும் உயிர் குவாஷுக்கு இல்லை.

இடம் வலம் மாறுவதும் அப்படித்தான். வலக்கையில் வாளும் இடக்கையில் வில்லும் பிடித்த வீரன் இடக்கையில் வாள் பிடித்துவிடுவான், மேலே இருக்கும் வட்டெழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திரும்பிவிடும். ஜெராக்ஸ் கடையில், “அண்ணா, மிரர் பிரிண்ட் போட்டுக் கொடுங்க, லேசர்லயே போடுங்க” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கறுப்பு வெள்ளை பிரிண்டே போதும். கறுப்பு டோனர் கரி நிறமி என்பதால் எளிதில் வெளுக்காது, நிறத்தை நம் பிரஷ் பார்த்துக்கொள்ளும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் ஜெல் முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ரஃபைவிடச் சொரசொரப்பு குறைந்த கோல்ட் பிரஸ் தாள் கொடுத்தால் உரிப்பதும் சுலபம். தின்னரின் ஆவி கனமானது, தரையோடு தவழ்ந்து போய்த் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது, நனைந்த துணியை அறைக்குள் சுருட்டிப் போடவும் கூடாது.

முடிந்த படத்துக்கு ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதிலும் கரைப்பான் இருப்பதால், ஒரே இடத்தில் நனையும் அளவுக்கு அடித்தால் தின்னரில் இறக்கிய டோனர் மறுபடி இளகும். மெலிதாக அடித்து, காய விட்டு, மறுபடி அடியுங்கள். மேலே வாட்டர்கலர் தீட்டியிருந்தால் வார்னிஷை விட்டுவிட்டு, மவுண்ட் வைத்துக் கண்ணாடி ஃபிரேம் போட்டுவிடலாம்.