மாடிக்கடையில் போட்ட சிங்கப்பூர் டிக்கெட்

கும்பகோணம் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்த டிராவல்ஸ். படிக்கட்டு செங்குத்து, முட்டி வலிக்காரர்கள் யோசித்து ஏறவும். உட்கார இரண்டே நாற்காலி. இருந்தும் இங்கே இது எனக்கு இரண்டாவது டிக்கெட்.

மூன்று வருடம் முன்பு மகள் பிரசவத்துக்காக முதல்முறை சிங்கப்பூர் கிளம்பினேன். டிக்கெட் போட்டது வேறு இடத்தில். தாளில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸைக் குறிக்கும் எஸ்.கியூ., அதன் பின்னால் எட்டில் தொடங்கும் நான்கு இலக்கம். திருச்சி ஏர்போர்ட்டில் நிமிர்ந்து பார்த்தால், அதே நேரத்துக்கு டி.ஆர். என்று ஏதோ ஒன்று என் கண்ணில் பட்டது. பிரசவ லேகிய டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வியர்த்துப்போய் நின்றேன். “ரெண்டும் ஒண்ணுதாம்மா, ஸ்கூட் வரிசையில நில்லுங்க” என்று யாரோ ஒரு பையன் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

இந்த மாடிக்கடைத் தம்பி அப்படித் தவிக்க விடுவதில்லை. தாளை பிரிண்ட் எடுத்ததும், எஸ்.கியூ. எண்ணுக்குப் பக்கத்தில் நீலப் பேனாவால் அம்புக்குறி போட்டு, விமானத்தை ஓட்டும் ஸ்கூட் கம்பெனியின் டி.ஆர். எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிவிடுகிறார். “விக்கிறது ஒருத்தர், ஓட்டுறது இன்னொருத்தர். கோட்ஷேர்னு பேரு. நீங்க ஓட்டுறவங்க கவுன்ட்டருக்குப் போகணும்.” ஒரே விமானத்துக்கு நாலைந்து கம்பெனி எண்கள்கூட இருக்குமாம். முதல் இரண்டு எழுத்து ஐயாட்டா என்ற விமானக் கம்பெனிகளின் உலக சங்கம் கொடுப்பது. பின்னால் வரும் எண், நான்கு இலக்கத்துக்குள், கம்பெனி வைப்பது. போக ஒன்று, வர அடுத்தது என்று ஜோடியாக வைப்பதும் உண்டு. நம் உழவன் எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்து வந்தால் 16865, தஞ்சாவூரிலிருந்து போனால் 16866 என்றாரே, அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

எண்ணை மாற்றுவார்களா என்று கேட்டது என் தப்பு. 2014 மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச். 370 இல்லையா, அந்த எண்ணை அதே மாதம் எடுத்துவிட்டு கோலாலம்பூர்–பெய்ஜிங் விமானத்துக்கு 318 என்று வைத்த கதையைச் சொன்னார். ஊருக்குக் கிளம்புகிறவளிடம் சொல்கிற கதையா இது!

சர்வீஸ் சார்ஜ் 300 ரூபாய், ரொக்கம்தான். மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை பூட்டு, அதைப் போர்டில் எழுதியிருக்கக் கூடாதா? பாஸ்போர்ட் நகலைக் கீழேயே எடுத்துக்கொண்டு ஏறுங்கள். நான் மறந்துபோய் அந்தப் படிக்கட்டை இரண்டு தடவை இறங்கி ஏறினேன்.