1909-இல் பதிவா, கடைக்கென்று தனி சிம்மா?

கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளைக் குறைக்க நம் ஊரில் பலரும் சொல்வது மூன்று வழிகள்: 1909 என்ற எண்ணில் டிஎன்டி (விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்ற) பதிவு, கடைகளில் கொடுப்பதற்கென்றே இன்னொரு சிம், அழைப்பவர் பெயரைக் காட்டும் ஆப். இரண்டாவது சிம்மையும் வைத்துப் பார்த்துவிட்டு, நான் டிஎன்டி பக்கம் வந்துவிட்டேன்.

ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வகை ஆப்களில் பல நம் போனில் உள்ள தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்கும். என் நம்பரைக் காப்பதற்காக மாமா, சித்தி நம்பரையெல்லாம் அவர்களைக் கேட்காமலே திறந்து காட்ட எனக்கு மனமில்லை.

தனி சிம் நல்ல யோசனைதான். துணிக்கடையிலும் மாலிலும் அந்த நம்பரைக் கொடுத்தால் முக்கிய நம்பர் வெளியே போகாது. சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல், கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாமல் விட்டால் இணைப்பு போய்விடலாம். துண்டித்த நம்பரை இன்னொரு 90 நாள் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அந்த நம்பரை கேஸ் புக்கிங், ஷாப்பிங் ஆப், ஆஸ்பத்திரி அட்டை என்று எங்கெல்லாமோ கொடுத்திருப்போம். அப்புறம் நம் ஓடிபி, ரிப்போர்ட் வந்த செய்தி எல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். விளம்பரத் தொல்லையைவிட இது பெரிய ஆபத்து. இதைத் தவிர்க்க மறக்காமல் ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

டிஎன்டி-க்கு இந்தக் கவலையே இல்லை. 1909-க்கு அழைத்தோ எஸ்எம்எஸ் அனுப்பியோ ஒருமுறை பதிந்தால் போதும், காசும் கிடையாது. எல்லாவற்றையும் தடுக்கலாம், வங்கி, ரியல் எஸ்டேட், கல்வி என்று வகை பார்த்தும் தடுக்கலாம். ஓடிபி, வங்கிக் கணக்குச் செய்திகள் வழக்கம்போல வரும். ஆனால் கடைப் படிவத்தில் நாமே சம்மதம் கொடுத்திருந்தால் அந்தக் கடையின் செய்தி வரத்தான் செய்யும். பில் போட நம்பர் கட்டாயம் என்று கடைக்காரர் வற்புறுத்தக் கூடாது என 2023-இல் நுகர்வோர் விவகாரத் துறையே சொல்லியிருக்கிறது, தைரியமாக மறுக்கலாம்.

விளம்பர அழைப்புக்கென்று முறையாகப் பதிவு செய்யாத ஆட்கள் சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து அழைப்பதை டிஎன்டி தானாகத் தடுக்காது. அங்கே புகார்தான் வழி. 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த திருத்தத்தின்படி 7 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். 10 நாளில் ஒரே ஆள்மீது 5 புகார் சேர்ந்தால் நடவடிக்கை தொடங்கும்; முதல் தடவைக்கே 15 நாள் அவரால் யாரையும் அழைக்க முடியாது. அதனால் நாம் ஒருவர் மட்டும் புகார் கொடுத்தால் பலன் குறைவு, வீட்டில் எல்லோரும் கொடுக்க வேண்டும். நான் ஆண்ட்ராய்டில் டிராயின் டிஎன்டி ஆப் வழியாகக் கொடுக்கிறேன். ஐஃபோனில் எனக்குப் பழக்கமில்லை. வாட்ஸ்அப் விளம்பரம் இதில் அடங்காது, அங்கேயே பிளாக் செய்ய வேண்டியதுதான்.

வீடு வாடகைக்கு, பழைய பைக் விற்பனைக்கு என்று நம்பரைப் பொதுவில் போடுகிறவர்களுக்கு மட்டும் தனி சிம்மே சரி. அதை எந்தக் கணக்கிலும் இணைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.