ஹை ரிஸ்க் கர்ப்பத்துக்கு ‘ஹோம் நர்ஸ் பேக்கேஜ்’ எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோயம்புத்தூரில் வீட்டுக்கே நர்ஸ் அனுப்புகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு ஏஜென்சியிடம் நாங்கள் பணம் கட்டி ஏமாந்தோம். பேர் போடவில்லை, நுகர்வோர் புகார் நடந்துகொண்டிருக்கிறது, இப்போதைக்கு வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பேரைவிட அவர்கள் ஏமாற்றுகிற விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

எனக்கு முதல் கர்ப்பத்தில் ஏழாம் மாதம் பிபி ஏறி குழந்தை தங்கவில்லை. அதனால் இரண்டாவது முறை உண்டானதுமே டாக்டர் ஹை ரிஸ்க் என்று கார்டில் எழுதி, ஆஸ்பிரின் ஆரம்பித்து, ஐந்தாம் மாதத்திலிருந்து வீட்டிலேயே காலை மாலை பிபி பார்த்து எழுதச் சொன்னார். மாத்திரை பிரச்சனையில்லை. ராத்திரிதான் பிரச்சனை. குழந்தை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் போதும், அதற்குப் பிறகு தூக்கமே கிடையாது. அம்மா உடுமலையில் அப்பாவை விட்டு வர முடியாத நிலை, வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. இந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது: ‘ஹை ரிஸ்க் கர்ப்பிணிகளுக்கு அனுபவமுள்ள ஜிஎன்எம் நர்ஸ், தினசரி பிபி, குழந்தை அசைவுக் கணக்கு, மன அழுத்தத்துக்கு கவுன்சலிங், எல்லாம் ஒரே பேக்கேஜில்.’ (ஜிஎன்எம் என்றால் நர்சிங் டிப்ளமோ.) மாதம் 32,000 ரூபாய், இரண்டு மாத அட்வான்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் என்று தனியாக 3,000. போனில் பேசியவர் அப்படிக் குழைந்தார். “மேடம், நீங்க டென்ஷனே ஆகக் கூடாது, இனிமே அது எங்க பொறுப்பு” என்றார்.

வந்தது ஒரு சின்னப் பெண். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெத், கையில் ஏஜென்சி அச்சடித்த நோட்டு. முதல் வாரம் முழுக்க நோட்டில் 120/80. அடுத்த வாரமும் அதேதான், எப்போதாவது மாறுதலுக்கு 118/78. டாக்டர் ரூமுக்குள் போனாலே எனக்கு 130-க்கு மேல் காட்டும், வீட்டில் மட்டும் பாடப்புத்தக பிபி. சரி, வீட்டில் நிம்மதியாக இருக்கிறேன் போல என்று நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு நாள் உற்றுக் கவனித்தேன். நான் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்ததுமே, நைட்டியின் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினாள், என் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது, அவள் அவங்க ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டே பம்பை அடித்தாள். காற்று முழுசாக இறங்குவதற்குள் நோட்டில் 120/80 எழுதி முடித்துவிட்டாள். ஸ்டெத்தின் முனை காதில் கூட இல்லை.

மெதுவாகக் கேட்டதும் அழுதுவிட்டாள். அவள் ஜிஎன்எம் இல்லை, அதைவிடச் சின்ன நர்சிங் படிப்பான ஏஎன்எம் கூட இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு மூன்று மாத ஹோம் கேர் கோர்ஸ். “அக்கா, பிபி எழுதினா போதும், ஏறியிருந்தா அவங்க பயந்துடுவாங்க, நார்மலா எழுதுன்னுதான் ஆபீஸ்ல சொன்னாங்க” என்றாள். நாங்கள் கட்டியதில் மூன்றில் ஒரு பங்கு கூட அவள் கைக்குப் போகவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த ஆபீஸில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுத்தவர்மேல்தான் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

மன அழுத்த கவுன்சலிங் கதை இன்னும் மோசம். வாரம் ஒரு முறை ஒரு ‘மேடம்’ போனில் வருவார். நெகட்டிவாக யோசிக்காதீர்கள், நல்ல பாட்டுக் கேளுங்கள், அவ்வளவுதான் கவுன்சலிங். முதல் குழந்தையைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால், “அதையெல்லாம் இப்ப நினைக்கவே கூடாதும்மா” என்று வாயை அடைத்துவிடுவார். மூன்றாவது போனில், “உங்க குழந்தைக்கு ரிஸ்க் அதிகம் இல்லையா, தொப்புள்கொடி ரத்தத்தை இப்பவே பேங்க்ல சேர்த்து வெச்சுடுங்க” என்று ஆரம்பித்தார். பயத்தைக் குறைக்க வந்தவர் அதே பயத்தை வைத்து வியாபாரம் பேசினார். (பின்னாளில் உதவும் என்று சொல்லி தனியார் வங்கியில் தொப்புள்கொடி ரத்தம் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைக்கவில்லை. இதைத் தனியாகவே ஒரு பதிவாக எழுத வேண்டும்.)

அந்தப் பெண் அழுத அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். 158/104. சிறுநீரில் புரதம். அப்படியே அட்மிட். நாலைந்து நாளாகத் தலைவலி இருந்தது. தூக்கம் இல்லாததால் என்று நினைத்திருந்தேன், நோட்டும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தது.

நர்ஸ் என்றால் என்ன செய்வார் என்பதை அந்த வார்டில்தான் பார்த்தேன். இரவு டியூட்டியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ், வயதில் பெரியவர், முதலில் பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னார். முதுகு சாய்த்து, கால் இரண்டையும் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தார். வெறும் கையில் பட்டை, கை நெஞ்சு மட்டத்துக்குத் தலையணைமேல். எண்ணை மறைக்காமல் சொன்னார். “என்ன நினைச்சும்மா பயப்படுறே?” என்று கேட்டார். நான் முதல் குழந்தையைப் பற்றிச் சொல்லச் சொல்ல நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு இந்த முறை என்னென்ன பார்க்கிறார்கள், பிளேட்லெட் எதற்கு, லிவர் டெஸ்ட் எதற்கு, டாப்ளர் ஸ்கேன் எதற்கு, 160/110-ஐத் தொட்டால் அடுத்து என்ன செய்வார்கள், எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். எதுவும் இனிப்பான செய்தி இல்லை. ஆனாலும் அன்றைக்குத் தூங்கினேன்.

மறுநாள், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்வி உள்ள தாள் ஒன்றைத் தமிழிலேயே கொடுத்தார்கள். மொத்தம் 30 மதிப்பெண், எனக்குக் கூடுதலாக வந்ததால் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த ஏஜென்சியில் இப்படி ஒரு கேள்விகூட யாரும் என்னைக் கேட்கவில்லை. குழந்தை கொஞ்சம் முன்னதாகவே பிறந்தது, சில நாள் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தாள், இப்போது நன்றாக இருக்கிறாள்.

நர்ஸ் வைக்கப் போகிறீர்கள் என்றால் பணம் கட்டுவதற்கு முன் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஜிஎன்எம் மூன்று வருடப் படிப்பு, பிஎஸ்சி நர்சிங் நான்கு வருடம், இரண்டுக்குமே கவுன்சிலில் பதிவு உண்டு. “அனுப்புறோம் மேடம்” என்று இழுத்தால் போனை வைத்துவிடுங்கள். ஒப்பந்தத்தையும் படித்துப் பாருங்கள். எங்களுடையதில் பெரிய எழுத்தில் நர்சிங் சர்வீஸ், உள்ளே பொடி எழுத்தில் ‘அட்டெண்டர்’ என்று இருந்தது, கேட்டால் அதைத்தான் காட்டுகிறார்கள். ஏற்கெனவே ஆள் வைத்திருந்தால், கையில் கட்டும் நல்ல டிஜிட்டல் மெஷின் ஒன்று வாங்கி, செக்கப்புக்குப் போகும்போது டாக்டரின் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் நீங்களே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 140/90-ஐத் தாண்டினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகம் திடீரென்று வீங்குவது, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் நோட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரி, வண்டி இல்லையென்றால் 108.

மனசு சரியில்லை என்றால் அதற்கும் 32,000 தேவையில்லை. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழில் பேசலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாதம் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளை டாக்டரே பார்க்கும் இலவச முகாம் இருக்கிறது, தனியாரில் பார்ப்பவர்களும் போகலாம். உங்கள் ஏரியா கிராம சுகாதார செவிலியரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் இன்னும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினோம், பிறகு ஆன்லைனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறோம், நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அந்த 120/80 நோட்டு, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், ரசீது எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்தாயிற்று. இதே மாதிரி கோவையில் யாராவது மாட்டியிருந்தால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.