தேக்காவில் ஓராண்டு: ரிக்கோ ஜிஆர் 3 கேமரா

ஜூம் லென்ஸுடன் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று முகங்களைப் பிடிப்பதுதான் தெருப் புகைப்படம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் முகம் இருக்கும், தெரு இருக்காது. ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான் லிட்டில் இந்தியா வட்டாரத்திலுள்ள தேக்காவுக்கு எடுத்துச் செல்லும் ரிக்கோ ஜிஆர் 3 அந்தக் குறையைத் தீர்த்தது.

2019இல் விற்பனைக்கு வந்த இக்கேமரா, பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 257 கிராம் எடையுள்ளது, சட்டைப்பையில் அடங்கிவிடும். உள்ளே இருப்பதோ பெரிய கேமராக்களில் காணும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு), 24 மெகாபிக்சல். லென்ஸைக் கழற்ற முடியாது. 28 மில்லிமீட்டருக்கு இணையான அகன்ற பார்வை ஒன்றுதான் உண்டு. ஆளைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் நாமே நடந்து அருகில் போக வேண்டும்.

என் கையைப் பழக்கியது இதிலுள்ள ஸ்னாப் ஃபோகஸ் வசதி. தூரத்தை முன்கூட்டியே இரண்டு மீட்டர் என்று குறித்துவிட்டால், ஷட்டரை ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்தும்போது கேமரா ஃபோகஸைத் தேடாமல் அந்தத் தூரத்திலேயே உடனே படம் எடுத்துவிடும். லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப் 8 என்று சிறிதாக வைத்தால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து இருபது மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். இதன் முழுப் பயனைப் பெற, இரண்டு மீட்டர் என்பது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அளவுநாடாவை விரித்து, தூண்களுக்கு முன்னும் பின்னும் நடந்து பல மாலைகள் பயிற்சி செய்தேன். புதிதாக வாங்குவோருக்கும் இதையே முதலில் சொல்வேன்.

கேம்பல் லேனில் மாலை கட்டும் அம்மையார் ஒருவரிடம், "எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டேன். "எடுங்க தம்பி, வேலையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க" என்றார். ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்த அந்தப் படத்தில், விரலில் சுற்றிய நாரும், நகத்தில் ஒட்டியிருந்த செவ்வந்தி இதழும், அவருக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு கடந்து சென்றவரும் ஒருசேர இருக்கிறார்கள். பழைய ஜூம் லென்ஸ் அவர் முகத்தை மட்டும்தான் தந்திருக்கும்.

இங்கே ஏழு மணியளவில் எழும் வெயில் விரைவில் உச்சிக்கு ஏறிவிடுவதால், எட்டிலிருந்து ஒன்பது மணி வரை கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடியின் தூண்களுக்கிடையே சாய்ந்து விழும் ஒளியை நான் தவறவிடுவதில்லை. வெயில் பட்ட இடம் வெளுத்துப்போகாமல் ஒளியை அளக்கும் முறையும் இக்கேமராவில் இருக்கிறது. நிழல் கருத்தாலும் பரவாயில்லை என்று துணிந்து அதையே பயன்படுத்துகிறேன்.

குறைகளும் உண்டு. ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 200 படங்கள்தான் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. இரண்டாவது பேட்டரி இல்லாமல் கிளம்ப வேண்டாம். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, நண்பகல் வெயிலில் திரை மங்கலாகத்தான் தெரியும். மழைக்கும் தூசிக்கும் பாதுகாப்புக் கிடையாது. எந்தக் கேமராவானாலும் குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியேறியதும் லென்ஸில் ஆவி படியும் என்பதால், ஜிப் பையில் வைத்துச் சற்று நேரம் கழித்தே எடுப்பது நல்லது.

சற்றுக் குறுகிய 40 மில்லிமீட்டர் பார்வையுள்ள ஜிஆர் 3எக்ஸ் 2021இல் வந்தது. ஆட்களைத் தனித்துக் காட்ட விரும்புவோருக்கு அது பொருந்தும். குறுகலாக இருந்து, அதிலும் பாதியைக் காய்கறிப் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கும் அஞ்சடியில் பின்னால் நகர இடமில்லாததால், தேக்காவில் படம் எடுப்பவர்கள் 28 மில்லிமீட்டரையே வாங்கலாம் என்பேன்.